புது நுரையீரல் எத்தனை வருஷம் தாங்கும்? ஆபரேஷனுக்குப் பிறகுதான் ஆரம்பிக்குது அசல் சவால்!

டிராஃபிக்கை நிறுத்தி, சைரன் அலற ஆம்புலன்ஸ் பறந்து, ஐஸ் பெட்டியில் ஒரு நுரையீரல் மருத்துவமனைக்குள் போகிற வீடியோவை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். ‘மாற்று அறுவை சிகிச்சை வெற்றி’ என்று அடுத்த நாள் செய்தி வரும். ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவோம்.

அந்த நுரையீரலைப் பெற்றவருக்கு அப்புறம் என்ன ஆச்சு? மூணு மாசம் கழிச்சு, மூணு வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்க? அதைப் பற்றி வீடியோ வருவதில்லை. ஆனால், நுரையீரல் மாற்றைப் பொறுத்தவரை முக்கியமான கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கதை பெரும்பாலும் நடப்பது மூச்சுக்குழாய்களுக்குள்.

இரண்டு ஜோடி நுரையீரல்களோடு பாடியவர்

சாரிட்டி டில்மன்-டிக், அமெரிக்காவின் டென்வரில் பிறந்த ஓபரா பாடகி. ஓபராவில் மைக் கிடையாது. பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர வேண்டும். அதற்கு நுரையீரல்தான் மூலதனம். 2004-ல், இருபதுகளின் தொடக்கத்திலேயே அவருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் ‘பல்மனரி ஹைப்பர்டென்ஷன்’ இருப்பது தெரியவந்தது. உச்சஸ்தாயியில் பாடுவது உயிருக்கே ஆபத்து என்று எச்சரிக்கப்பட்டார். அவர் பாடுவதை விடவில்லை.

2009 செப்டம்பரில், கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அவருடைய இரண்டு நுரையீரல்களும் மாற்றப்பட்டன. ஒரு மாதத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தவர், மெல்ல மீண்டு, 2010-ல் டெட்மெட் மேடை ஏறிப் பாடினார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். ஆனால், உடல் அந்த நுரையீரலை நிராகரிக்க ஆரம்பித்தது. 2012 ஜனவரியில் இரண்டாவது முறையாக இரட்டை நுரையீரல் மாற்று. அதன் பிறகும் பாடினார். 2014-ல் வெளிவந்த அவருடைய ‘அமெரிக்கன் கிரேஸ்’ ஆல்பம், பில்போர்டின் பாரம்பர்ய கிளாசிக்கல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2017-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 2019 ஏப்ரலில், 35 வயதில் காலமானார்.

முதல் ஆபரேஷனிலிருந்து கணக்குப் போட்டால், ஒன்பதரை ஆண்டுகள். இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? நுரையீரல் மாற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

உலகம் முழுக்க நடக்கும் இதய, நுரையீரல் மாற்று சிகிச்சைகளின் கணக்கை ஒரு சர்வதேச மருத்துவ அமைப்பு தொகுத்துவருகிறது. அதன்படி சமீப காலங்களில், நுரையீரல் மாற்று செய்துகொண்ட 100 பேரில் 85 முதல் 90 பேர் முதல் ஆண்டைத் தாண்டிவிடுகிறார்கள். 5 ஆண்டுகளைத் தாண்டுகிறவர்கள் பாதிக்குச் சற்று மேல். 10 ஆண்டுகளைத் தாண்டுகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.

‘சராசரியாக 6, 7 வருஷம்தான்’ என்று கூகுளில் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நடுப்புள்ளி. அதாவது, பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்கிறார்கள் என்று அர்த்தம். யாருக்கும் அது ‘எக்ஸ்பயரி டேட்’ இல்லை. வயது, எந்த நோய்க்காக மாற்று நடந்தது, ஒரு நுரையீரலா இரண்டுமா என்பதைப் பொறுத்தெல்லாம் இந்த எண் மாறும். முதல் வருடத்தை நல்லபடியாகக் கடந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நடுப்புள்ளி இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப் போகிறது.

ஆனாலும் ஒரு நிஜத்தை மறைக்க முடியாது. சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால், மாற்று நுரையீரலின் ஆயுள்தான் குறைவு.

நுரையீரலுக்கு மட்டும் ஏன் இப்படி?

சிறுநீரகமும் கல்லீரலும் வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கின்றன. நுரையீரல் அப்படியில்லை. அது உடம்புக்குள் இருந்தாலும், வாசல் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிற வீடு மாதிரி. ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று அதற்குள் போய் வருகிறது. கூடவே தூசி, புகை, வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் உள்ளே போகும்.

இன்னொரு பக்கம், ‘இது நம்ம உறுப்பு இல்லையே’ என்று உடலின் எதிர்ப்பு சக்தி புது நுரையீரலைத் தாக்கப் பார்க்கும். அதைத் தடுக்க ஆயுள் முழுக்க மருந்து கொடுத்து எதிர்ப்பு சக்தியை அடக்கியே வைக்க வேண்டும். ரொம்ப அடக்கினால் கிருமி உள்ளே வரும். கொஞ்சம் தளர்த்தினால் உடம்பே தாக்கும். இந்தக் கயிற்றின் மேல்தான் ஒவ்வொரு நாளும் நடந்தாக வேண்டும்.

மூன்றாவது விஷயம் பலருக்கும் தெரியாது. மாற்றும்போது நரம்புகள் துண்டிக்கப்படுவதால், ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே இருமல் உணர்வு மழுங்கிவிடுகிறது. சளி சேர்ந்தாலும், வயிற்று அமிலம் மேலேறி மூச்சுக்குழாயில் கசிந்தாலும், ‘இருமி வெளியே தள்ளு’ என்கிற சிக்னல் சரியாகக் கிடைக்காது.

முதல் கண்டம்: ஒட்டுப்போட்ட இடம்

மனிதருக்கு முதன்முதலில் நுரையீரல் மாற்று செய்தவர், அமெரிக்காவின் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவமனையின் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி. அது நடந்தது 1963 ஜூன் மாதம். நோயாளி 18 நாள்கள் உயிரோடு இருந்தார். அடுத்த 20 ஆண்டுகளில் உலகம் முழுக்க 40-க்கும் மேற்பட்ட முயற்சிகள் நடந்தன. 1968-ல் பெல்ஜியத்தில் ஒருவர் சுமார் 10 மாதங்கள் வாழ்ந்ததுதான் அவற்றில் அதிகபட்சம். மற்றவர்களில் பெரும்பாலோர் சில நாள்களில், சில வாரங்களில் இறந்தார்கள்.

பிரச்னை எங்கே? முதல் சில நாள்களைத் தாண்டியவர்களில் பலருக்கு, கொடையாளரின் மூச்சுக்குழாயையும் நோயாளியின் மூச்சுக்குழாயையும் இணைத்துத் தைத்த இடம் ஆறாமல் பிரிந்துபோனது.

காரணம், ரத்த ஓட்டம். நுரையீரலுக்கு இரண்டு வழிகளில் ரத்தம் போகிறது. ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ள வரும் ரத்தம் ஒரு பெரிய குழாய் வழியாக வருகிறது. மூச்சுக்குழாயின் சுவருக்கு ஊட்டம் தரும் ரத்தம், நூல் மாதிரி மெல்லிய தனிக் குழாய்கள் வழியாக வருகிறது. மாற்று அறுவை சிகிச்சையில் பெரிய குழாயை இணைத்துவிடுவார்கள். மெல்லிய குழாய்களைப் பெரும்பாலும் இணைப்பதில்லை. அவை புதிதாக வளர்ந்து வரும் வரை, சில வாரங்களுக்கு அந்த ஒட்டு அரைப்பட்டினியில்தான் ஆற வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது கனடாவின் டொராண்டோ குழு. டாக்டர் ஜோயல் கூப்பரும் அவருடைய சகாக்களும், அதிக அளவு ஸ்டீராய்டு மருந்து ஒட்டு ஆறுவதைக் கெடுக்கிறது என்பதைக் கண்டார்கள். குடலுக்கு முன்னால் தொங்கும், ரத்த ஓட்டம் நிறைந்த கொழுப்புச் சவ்வை மேலே இழுத்து, தையல் போட்ட இடத்தைச் சுற்றிப் போர்த்தினார்கள். அதே காலத்தில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்ததால், ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளவும் முடிந்தது. 1983 நவம்பரில் டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையில் ஒற்றை நுரையீரல் பொருத்தப்பட்ட டாம் ஹால், 6 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நுரையீரல் மாற்று சாத்தியம் என்று உலகம் நம்பியது அதன் பிறகுதான்.

இன்று பெரும்பாலும் அந்தக் கொழுப்புச் சவ்வு தேவைப்படுவதில்லை. கொடையாளரின் மூச்சுக்குழாயை முடிந்த அளவு குட்டையாக வெட்டித் தைக்கிறார்கள். நீளம் குறைந்தால் பட்டினி கிடக்கும் பகுதியும் குறையும், அவ்வளவுதான் லாஜிக். ஒட்டு முழுதாகப் பிரிவது இப்போது அரிது.

ஆனாலும் ஒரு பகுதியினருக்கு அந்த இடத்தில் சிக்கல் வருகிறது. அதில் அதிகம் காணப்படுவது, தழும்பு ஏறிக் குழாய் சுருங்குவது. சிலருக்கு அங்கே சதை வளரும். சிலருக்குக் குழாயின் சுவர் தளர்ந்து, மூச்சு விடும்போது மடங்கும். பட்டினி கிடந்த திசுவில் பூஞ்சை குடியேறுவதும் உண்டு. மூச்சு விடும்போது விசில் சத்தம், விடாத இருமல், படியேறினால் திணறல் எல்லாம் இதன் அறிகுறிகள். பிராங்கோஸ்கோப் என்ற மெல்லிய கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். சுருக்கம் இருந்தால் பலூனை ஊதி விரிப்பார்கள். பல தடவை செய்ய வேண்டிவரலாம். அப்படியும் மூடிக்கொண்டால் ஸ்டென்ட் வைப்பார்கள். ஸ்டென்ட்டிலும் சளி அடைப்பது, சதை வளர்வது எனத் தொல்லைகள் இருப்பதால், அது கடைசித் தேர்வுகளில் ஒன்றுதான்.

இரண்டாவது கண்டம்: கண்ணுக்குத் தெரியாத குழாய்கள்

பெரிய குழாயில் வரும் சிக்கலைக் கேமராவில் பார்த்துவிடலாம். சின்னக் குழாய்களில் வருவதைப் பார்ப்பது கடினம்.

மூச்சுக்குழாய் ஒரு மரம் மாதிரி. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, இருபது தடவைக்கு மேல் கிளை பிரிகிறது. கடைசிக் கிளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் மெலிந்தவை. உடலின் தாக்குதலால் இந்தச் சின்னக் கிளைகளின் உள்சுவர் புண்ணாகி, ஆறி, தழும்பாகி, மெல்ல மெல்ல அடைத்துக்கொள்கிறது. 1984-ல், இதயமும் நுரையீரலும் சேர்த்து மாற்றப்பட்ட நோயாளிகளிடம் இதை முதலில் விவரித்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழு. ‘பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிட்டரன்ஸ்’ என்பது இதன் பெயர்.

இன்று இதையும், நுரையீரலே இறுகிச் சுருங்கும் இன்னொரு வகையையும் சேர்த்து ‘நாள்பட்ட மாற்று நுரையீரல் செயலிழப்பு’ என்கிறார்கள். ஆங்கிலச் சுருக்கம் ‘கிளாட்’. மாற்று செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, 5 ஆண்டுகளுக்குள் இது எட்டிப் பார்க்கிறது. முதல் ஆண்டுக்குப் பிறகு நேரும் இறப்புகளுக்கு முக்கியக் காரணமும் இதுதான். குழாய் அடைக்கும் வகையே அதிகம். நுரையீரல் சுருங்கும் வகை குறைவாக வந்தாலும், வேகமாக மோசமாகும்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்? தொடக்கத்தில் அடிக்கடி நிராகரிப்பு வந்தவர்கள், சி.எம்.வி வைரஸும் மற்ற சுவாசத் தொற்றுகளும் தாக்கியவர்கள், வயிற்று அமிலம் மேலேறும் தொல்லை உள்ளவர்கள், கொடையாளரின் திசுவுக்கு எதிராக ரத்தத்தில் ஆன்டிபாடி உருவானவர்கள். பெல்ஜியத்தின் லூவென் நகர ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வாகனங்கள் ஓடும் பெரிய சாலைகளுக்குப் பக்கத்தில் வசித்தவர்களுக்கு, இந்த நோயும் இறப்பும் அதிகமாக இருந்தன.

தினமும் ஊதிப் பார்க்கணும்!

கிளாட் சத்தமில்லாமல் வரும். சின்னக் குழாய்கள் எக்கச்சக்கம் என்பதால், நிறைய அடைபட்ட பிறகுதான் மூச்சு வாங்கும். அதனால் ‘எனக்கு ஒண்ணும் தெரியலையே’ என்பதை நம்ப முடியாது. நம்ப வேண்டியது ஒரு சின்னக் கருவியை: ஸ்பைரோமீட்டர்.

ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சாக, பலமாக ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதுதான் முக்கியமான எண். மாற்றுக்குப் பிறகு கிடைத்த மிகச் சிறந்த இரண்டு அளவுகளின் சராசரியை அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள். வேறு காரணம் இல்லாமல் அதிலிருந்து 20 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைந்து, அது மீளாமல் நீடித்தால் கிளாட் என்று சந்தேகிப்பார்கள். மூன்று மாதங்கள் நீடித்தால் உறுதி.

ஓர் உதாரணம். உங்கள் சிறந்த அளவு 3 லிட்டர் என்றால், 2.4 லிட்டர் என்பது அபாயக் கோடு. அதுவரை காத்திருக்கக் கூடாது. 10 சதவிகிதம் குறைந்தாலே, அதாவது 2.7-க்கு வந்தாலே, மருத்துவக் குழுவுக்கு போன் போட்டுவிட வேண்டும். தொற்றாகவோ, திடீர் நிராகரிப்பாகவோ, ஒட்டுப்போட்ட இடம் சுருங்கியதாகவோ இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. தழும்பு விழுந்த பிறகு அதை அழிப்பதுதான் கஷ்டம்.

வந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

அடைத்த குழாயை மீண்டும் திறக்கும் மருந்து இன்று வரை இல்லை. பெரும்பாலான சிகிச்சைகளின் நோக்கம், சரிவை நிறுத்துவது அல்லது மெதுவாக்குவது. சாதாரண சளி, காய்ச்சலுக்குக் கொடுத்துக் கேள்விப்பட்ட அசித்ரோமைசின்தான் பலருக்கு முதலில் தொடங்கப்படுகிறது. கிருமியைக் கொல்ல இல்லை, அழற்சியைத் தணிக்க. சிலருக்கு ஊதும் அளவு இதிலேயே மேலேறும். அடுத்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை மாற்றியமைப்பார்கள். வயிற்று அமிலம் ஏறுவதைத் தடுப்பார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளை அணுக்களைப் புறஊதாக் கதிரில் காட்டி, திரும்பச் செலுத்தும் முறை சில மையங்களில் உண்டு.

எதுவும் கைகொடுக்காவிட்டால், மிகச் சிலருக்கு மறுபடியும் நுரையீரல் மாற்று. சாரிட்டிக்கு நடந்தது அதுதான். முதல் மாற்றைவிட இதில் ஆபத்து கூடுதல். கொடையாக நுரையீரல் கிடைப்பதும் அரிது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உங்கள் வீட்டிலோ, நட்பு வட்டத்திலோ யாராவது நுரையீரல் மாற்று செய்துகொண்டிருந்தால், இதையெல்லாம் தெரிந்து வைத்திருங்கள்.

* மாத்திரை நேரம் மாறக் கூடாது. டாக்ரோலிமஸ் பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. போனில் அலாரம் வைத்துக்கொடுங்கள்.
* மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும் நாளில், காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டால் ரிசல்ட் தப்பாகக் காட்டும்.
* கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் பழங்கள் வேண்டாம். ரத்தத்தில் மருந்தின் அளவை அவை ஏற்றிவிடும்.
* மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவது கூடவே கூடாது. கிளாரித்ரோமைசினும் சில பூஞ்சை மருந்துகளும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை இறக்கும். இரண்டுமே ஆபத்து.
* ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ கஷாயம், பொடி, கேப்ஸ்யூல் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அடக்கி வைத்திருக்கும் எதிர்ப்பு சக்தியைத் தட்டியெழுப்புவது அன்பு இல்லை.
* வீடு இடிக்கிற, கட்டுகிற இடம், உரக்குழி, காய்ந்த சருகு, புறா எச்சம் இருக்கும் பால்கனி ஆகியவற்றில் பூஞ்சைத் துகள்கள் அதிகம். அங்கெல்லாம் போக வேண்டாம்.
* சிகரெட், வேப்பிங் இரண்டுக்கும் வீட்டிலேயே தடை. ஊதுபத்தி, கொசுவத்திச்சுருள், பட்டாசுப் புகைக்கும் அதே விதிதான்.
* உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்யப்படும் தடுப்பூசிகள் அவர்களுக்கு ஆகாது. ஃப்ளூ ஊசி போன்ற மற்றவற்றை டாக்டர் சொல்லும் நேரத்தில் போட வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்வது நல்லது.
* சளி, காய்ச்சல் என்றால் நீங்கள் தள்ளி இருங்கள். பார்க்க வராததற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.
* சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது. தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும்.

அப்படின்னா எதுக்கு இந்த ஆபரேஷன்?

இவ்வளவையும் படித்த பிறகு இந்தக் கேள்வி வருவது நியாயம். பதில், மாற்று செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. நுரையீரல் இறுகிப்போனவர்கள், சி.ஓ.பி.டி முற்றியவர்கள், பல்மனரி ஹைப்பர்டென்ஷன், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் என, வேறு சிகிச்சை எதுவும் பலிக்காதவர்களுக்குத்தான் இதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு கட்டிலில் இருந்து பாத்ரூம் போகவே திணறியவர், மாற்றுக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறார், வேலைக்குப் போகிறார். அந்த வருடங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். ஆனால், அவை வாழ்கிற வருடங்கள்.

மாற்றே தேவைப்படாமல் செய்யும் மருந்துகளும் வருகின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு ‘டிரிகாஃப்டா’ என்ற மருந்து 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பிறகு, அந்த நோய்க்காக அங்கே நடக்கும் நுரையீரல் மாற்றுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. எல்லா நுரையீரல் நோய்க்கும் இப்படியொரு மருந்து வரவில்லை என்பதால், மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

இந்தியாவில் நுரையீரல் மாற்று அதிகம் நடக்கும் நகரங்களில் சென்னையும் ஒன்று. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் அரசுத் திட்டம் 2008 முதல் இயங்குகிறது. ‘டிரான்ஸ்டான்’ என்ற தனி ஆணையம் 2014-ல் வந்தது. ஆகவே, இந்த முடிவை எடுக்க வேண்டிய குடும்பம் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அப்படி ஒரு நிலை வந்தால், ‘ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், டாக்டரிடம் இவற்றையும் கேளுங்கள். இங்கே செய்துகொண்டவர்களில் ஒரு வருடம், ஐந்து வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர்? ஒட்டுப்போட்ட இடத்தில் சிக்கல் வந்தால் இங்கேயே பார்ப்பீர்களா? மாத மாத்திரைச் செலவும் டெஸ்ட் செலவும் எவ்வளவு? முதல் வருடம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க வேண்டுமா? ராத்திரி 2 மணிக்கு மூச்சுத்திணறினால் யாருக்கு போன் செய்வது?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாக, எண்களோடு பதில் சொல்கிற மருத்துவக் குழுவை நம்பலாம். அடுத்து, வீட்டில் யார் மாத்திரையைக் கவனிப்பது, யார் செக்கப்புக்குக் கூட்டிப்போவது, காலையில் ஊதும் அளவை யார் குறித்து வைப்பது என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்தக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வாரம் விட்டுப்போனால்கூட, மருத்துவக் குழு அதைக் கேட்கத்தான் செய்யும்.